செருப்பைப் பார்த்துக்க ஒரு ஆள்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் மேனாம்பேடு குழு உறுப்பினர் பேசியது)



நான் பத்தாவது வரை படிச்சவள். வீட்டு வேலைதான் என் வேலை. மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. "உங்க குழு மலை மலையா ஏறிட்டு வந்தீங்களாமே, அதைப் பத்திப் பேசும்மா"ன்னு தலைவி அக்கா சொன்னாங்க. பேச்சு வராமப் போயிடுமோன்னு நோட்டில் எழுதிக்கொண்டு வந்திருக்கேன். பார்த்துப் படிச்சால் தப்பா நினைக்காதீங்க.

நம்ம மேனாம்பேட்டில் மலை கிடையாது. ஒரு பக்கம் அம்பத்தூர் ஏரி, ஒரு பக்கம் கொரட்டூர் ஏரி, இன்னொரு பக்கம் எஸ்டேட் கம்பெனிங்க. எல்லாம் சமதரை. நாம ஏறுற பெரிய உயரம்னா துணி காயப்போட மொட்டை மாடிக்கு ஏறுறதுதான். அப்படி இருந்த நாங்க பன்னிரண்டு பேரும் மலை ஏறப் போனதுக்குக் காரணம் அஞ்சு ஜோடி செருப்பு.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி தை மாசம் குடும்பத்தோடு குன்றத்தூர் முருகன் கோயிலுக்குப் போனோம். சேக்கிழார் பிறந்த ஊர் அது. சின்னக் குன்று, 84 படிதான். அடிவாரத்தில் என் பொண்ணு செருப்பைக் கழட்டி என் பக்கத்தில் வைச்சா. அப்புறம் அவ தம்பி செருப்பையும், அவங்க அப்பா செருப்பையும், பாட்டி செருப்பையும் எடுத்து வந்து வரிசையா வைச்சா. யாரும் அவகிட்ட சொல்லலை. "அம்மா பார்த்துப்பாங்க, அம்மா எப்பவும் ஏற மாட்டாங்க"ன்னு அவளே சொல்லிட்டு ஓடிட்டா. அவளுக்கு அப்போ பதினோரு வயசு.

என் மாமியாருக்கு அறுபத்தொண்ணு. அவங்க ஏறிப் போறாங்க. முப்பத்துநாலு வயசில் நான் கீழே உக்காந்து, என்னோடதையும் சேர்த்து அஞ்சு ஜோடி செருப்புக்குக் காவல் இருக்கேன். பக்கத்திலேயே டோக்கன் போட்டுச் செருப்பு வைக்கிற இடம் இருக்கு. சில்லறைக் காசு கொடுத்தால் முடிஞ்சது. ஆனா எங்க வீட்டில் அது யாருக்கும் தோணலை, எனக்கும் தோணலை.

அப்போ எனக்கு எங்க அம்மா ஞாபகம் வந்தது. எனக்கு எட்டு வயசு இருக்கும்போது திருக்கழுக்குன்றம் போனோம். அம்மா அடிவாரத்தில் பையை மடியில் வைச்சுக்கிட்டு, "நீங்க போயிட்டு வாங்க, நான் செருப்பைப் பார்த்துக்கிறேன்"னு உக்காந்துட்டாங்க. அவங்களுக்கு அப்போ என் வயசுதான் இருக்கும்.

நான் ஏன் ஏறலைங்கறதையும் மறைக்காம சொல்லிடறேன். அதுக்கு முந்தின வருஷம் அதே குன்றத்தூரில் பாதிப் படியில் எனக்குக் கண் இருட்டிடுச்சு. நெஞ்சு படபடன்னு அடிச்சது. யாருக்கும் தெரியாம ஓரமா உக்காந்து, கால் வலின்னு சொல்லிட்டு இறங்கிட்டேன். அன்னையிலிருந்து வீட்டில் நான் கால் வலிக்காரி. நிஜமா காலில் ஒண்ணுமே இல்லை.

அந்த வாரம் குழுக் கூட்டத்தில் சேமிப்பு வசூல், உள்கடன் தவணை எல்லாம் முடிஞ்ச பிறகு இந்தச் செருப்புக் கதையைச் சொன்னேன். சிரிப்பாங்கன்னு நினைச்சேன். ஒருத்தரும் சிரிக்கலை. ஒரு அக்கா "நானும் அப்படித்தான், முட்டி வலி"ன்னாங்க. இன்னொருத்தங்க "எனக்கு ரெண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குது"ன்னாங்க. ஒரு தங்கச்சிக்கு மாசாமாசம் ஏழெட்டு நாள் நிறையப் போகும், அதனால் எந்தக் கோயிலுக்கும் எங்கேயும் வர்றதே இல்லைன்னா. பன்னிரண்டு பேரில் ஏழு பேர் ஏதோ ஒரு மலையடியில் செருப்புக்குக் காவல் இருந்தவங்கதான்.

எங்க ஊக்குநர் அக்கா ஒரே வார்த்தைதான் சொன்னாங்க: "முதல்ல ரத்தம் பார்க்கலாம்." அடுத்த வாரமே எல்லாரும் சேர்ந்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். நமக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 இருக்கணும். எனக்கு 8.6 இருந்தது. குழுவில் பாதிப் பேருக்கு மேல் 12-க்குக் கீழேதான். டாக்டரம்மா விளக்கமா சொன்னாங்க. மூச்சில் இழுக்கிற காத்தை உடம்பு முழுக்கக் கொண்டு போறது அந்த ஹீமோகுளோபின்தானாம். அது குறைஞ்சா, படி ஏறும்போது உடம்பு கேட்கிற காத்தைக் கொடுக்க இதயம் ரெண்டு பங்கு அடிச்சுக்குது. அதனால்தான் படபடப்பு, கண் இருட்டல். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தச்சோகை இருக்குன்னு அரசாங்கத்தின் குடும்ப நலக் கணக்கெடுப்பே சொல்லுது. நான் மட்டும்னு நினைச்சு ஒரு வருஷமா கால் வலின்னு பொய் சொல்லிட்டு இருந்திருக்கேன்.

இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தாங்க. அதைச் சாப்பிட்ட உடனே டீ, காபி குடிக்கக் கூடாது, குடிச்சால் சத்து உடம்பில் சேராது. நெல்லிக்காய், எலுமிச்சை மாதிரி புளிப்போடு சேர்த்தால் நல்லாச் சேரும். அதிகம் போகிற அந்தத் தங்கச்சியைத் தனியா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்து அனுப்பினாங்க. கர்ப்பப்பையில் சின்னக் கட்டி இருந்தது, மருந்திலேயே இப்போ நல்லா இருக்கா. அன்னைக்குப் பார்க்காம விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்னு அவளே இப்போ சொல்றா. இந்த மண்டபத்தில்தான் உக்காந்திருக்கா. அவ சம்மதத்தோடுதான் சொல்றேன்.

நாலு மாசத்தில் எனக்கு 11.4 வந்தது. அப்போதான் மலைக்குப் போகலாம்னு தீர்மானம் போட்டோம். குழுப் பணத்தை எடுக்கலாமான்னு ஒரு பேச்சு வந்தது. வேண்டாம்னு முடிவு பண்ணினோம். சேமிப்பு கடனுக்கும் அவசரத்துக்கும்தான். தனியா ஒரு உண்டியல் வைச்சு வாரம் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டோம். வீட்டில் சும்மா விடலை. "குடும்பப் பொம்பளைங்களுக்கு மலை மேல என்ன வேலை"ன்னு தெருவில் ஒருத்தர் கேட்டார். என் வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லலை. ஆனா அன்னைக்கு மத்தியானச் சாப்பாடு யார் போடுறதுன்னு கேட்டார். குழம்பு வைச்சுட்டுப் போறேன், சோறு மட்டும் வடிச்சுக்கோங்கன்னேன். வடிச்சார்.

முதல்ல பழகினது அம்பத்தூர் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில். காலையில் பால் வாங்கப் போகும்போது ரெண்டு தரம் ஏறி இறங்கறது, அவ்வளவுதான். ஒரு மாசம் கழிச்சுக் குன்றத்தூர். 2021 மே மாசத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் நமக்கு டிக்கெட் இல்லை என்பதால் செலவே ஆகலை. போன தடவை நான் உக்காந்திருந்த அதே இடத்தில் டோக்கன் போட்டுச் செருப்பை விட்டேன். 84 படி ஏறினேன். நடுவில் ரெண்டு தடவை நின்னேன். கண் இருட்டலை. மேலே போய் முருகனைக் கும்பிட்டப்போ எனக்கு அழுகையே வந்துடுச்சு.

அடுத்து பரங்கிமலை. எங்க குழுவில் இருக்கிற கிறிஸ்தவ அக்காதான் கூட்டிட்டுப் போனாங்க. அம்பத்தூரில் ரயில் ஏறி, பார்க் ஸ்டேஷனில் மாறி, பரங்கிமலையில் இறங்கினோம். மலை சுமார் 300 அடிதான். இயேசுவின் சீடர் தோமையார் உயிர் விட்ட இடம்னு கிறிஸ்தவங்க நம்புற மலை. மேலே இருக்கிற கோயில் 1523-ல் போர்ச்சுக்கீசியர் கட்டினது. கீழேயிருந்து மேலே வரை கல் படி இருக்கு. அந்தப் படியைக் கட்டிக் கொடுத்தவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்கிற அர்மீனிய வியாபாரி. கிட்டத்தட்ட 300 வருஷம் ஆச்சு. சைதாப்பேட்டையில் அடையாறு மேலே பழைய பாலம் கட்டினவரும் அவர்தானாம். எங்கேயோ பிறந்த மனுஷன், ஊரார் ஏறட்டும்னு தன் காசில் படி கட்டி வைச்சிருக்கார்.

அந்த மலை மேல நின்னுதான் நான் முதல் தடவையா கடலை உயரத்திலிருந்து பார்த்தேன். மெரினாவில் எத்தனையோ தடவை கால் நனைச்சிருக்கேன். அங்கே அலைதான் தெரியும். இங்கேயிருந்து பார்த்தால் இந்தப் பக்கம் விமானம் ஏறுது, இறங்குது. கிழக்கே வீடு வீடா போய், அதுக்கு அப்பால் நீலக்கோடு ஒண்ணு. அக்கா அதைக் காட்டி "அதோ கடல்"னாங்க. எங்களில் மூணு பேர் நம்பவே இல்லை.

இன்னொரு சங்கதியும் அங்கே தெரிஞ்சுக்கிட்டேன். 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி லாம்டன் என்கிற வெள்ளைக்காரர் இந்த மலைப் பக்கத்தில்தான் சங்கிலி வைச்சு நிலத்தை அளக்க ஆரம்பிச்சார். முதல் கோடு ஏழரை மைல் நீளம். அந்தக் கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமா இந்தியா முழுக்க அளந்துக்கிட்டே போனாங்க. அவருக்குப் பின்னாடி வந்தவங்க இமயமலை வரை போய்ச் சேர்ந்தாங்க. எவரெஸ்ட்தான் உலகத்திலேயே உயரம்னு கணக்கில் தெரிஞ்சது அந்த அளவையால்தான். நம்ம பக்கத்து 300 அடிக் குன்றில் ஆரம்பிச்ச கணக்கு அது.

எவரெஸ்ட்னு சொன்னதும் ஒருத்தர் பேரைச் சொல்லியே ஆகணும். 2023 மே மாசம் முத்தமிழ்செல்வி எவரெஸ்ட் ஏறினாங்க. தமிழ்நாட்டிலிருந்து அங்கே ஏறின முதல் பெண் அவங்கதான். விருதுநகர் மாவட்டத்தில் பிறந்து சென்னையில் வாழுறவங்க, ரெண்டு பிள்ளைக்குத் தாய். நாம எவரெஸ்ட் ஏற வேண்டாம். ஆனா "ரெண்டு பிள்ளை பெத்தாச்சு, இனிமே என்ன"ன்னு சொல்றதை மட்டும் விட்டுடலாம்.

மூணாவது திருக்கழுக்குன்றம். இதுதான் எனக்குப் பெரிய பயம். 565 படி, சுமார் 500 அடி உயரம். விடியற்காலை ரயில் பிடிச்சுச் செங்கல்பட்டு, அங்கேயிருந்து பஸ். ஏழரை மணிக்கெல்லாம் அடிவாரம். முதல் நூறு படியை வேகமா ஏறிட்டோம், அது தப்பு. எல்லாருக்கும் மூச்சு வாங்கிடுச்சு. அப்புறம் ஊக்குநர் அக்கா ஒரு ஏற்பாடு பண்ணினாங்க. யார் ரொம்ப மெதுவா ஏறுறாங்களோ அவங்க முன்னாடி போகணும், மத்தவங்க அவங்களைத் தாண்டக் கூடாது. முட்டி வலிக்கார அக்காதான் முன்னாடி. அவங்க நின்னால் எல்லாரும் நிக்கணும். அப்படி ஏறினப்போ யாருக்கும் மூச்சு முட்டலை, யாரும் பின்தங்கிப் போயிட்டோம்னு வெக்கப்படவும் இல்லை.

ஆனா முன்னூறு படி தாண்டினதும் அந்த அக்காவுக்கு முட்டி முடியலை. "நீங்க போங்க, நான் இங்கேயே உக்காந்து பையைப் பார்த்துக்கிறேன்"னாங்க. அதே வார்த்தை! அங்கே ஒரு நிமிஷம் எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். வற்புறுத்தி இழுத்துட்டுப் போறதும் தப்பு, தனியா விட்டுட்டுப் போறதும் தப்பு. நான் அவங்களோடு உக்காந்துட்டேன். மத்த பத்துப் பேர் மேலே போய்ச் சாமி கும்பிட்டு வந்தாங்க. அப்புறம் ரெண்டு பேர் அக்காவோடு உக்காந்தாங்க, நான் மேலே போனேன். எல்லாரும் ஏறணும்னு நான் சொல்லலை. ஒருத்தரே எப்பவும் கீழே இருக்க வேண்டாம்னுதான் சொல்றேன். அந்த அக்கா இப்போ முட்டிக்கு டாக்டர் சொன்ன பயிற்சி செய்யறாங்க. அடுத்த தடவை நானூறு படின்னு கணக்கு வைச்சிருக்காங்க.

மேலே வேதகிரீஸ்வரர் கோயில். ஒரு காலத்தில் தினமும் உச்சிப்பொழுதில் ரெண்டு கழுகு வந்து பிரசாதம் சாப்பிட்டுப் போகும். இப்போ அது வர்றதில்லை. கீழே சங்கு தீர்த்தக் குளம் தெரியுது. 12 வருஷத்துக்கு ஒரு தடவை அதில் சங்கு பிறக்கும்னு சொல்வாங்க. இறங்குற வழியில் ஒரே பாறையைக் குடைஞ்ச பல்லவர் காலத்து ஒருக்கல் மண்டபம். அங்கேயிருந்து பஸ்ஸில் மாமல்லபுரம், சுமார் 15 கிலோமீட்டர். கலங்கரை விளக்கம் இருக்கிற பாறைக் குன்று மேலே ஏறி நின்னோம். கடல் காத்து முகத்தில் அடிச்சது. அந்தக் குன்று மேலே பல்லவர் கட்டின ஒரு பழைய கோயில் இருக்கு. இப்போ இருக்கிற கலங்கரை விளக்கம் வர்றதுக்கு முன்னாடி, அந்தக் கோயில் உச்சியில் விளக்கு ஏத்திக் கப்பலுக்கு வழி காட்டினாங்களாம். போக வர, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 180 ரூபாய் ஆச்சு. கணக்கு நோட்டில் இருக்கு.

இப்போ நீங்களும் போறதா இருந்தால், நாங்க பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்லிடறேன்.

முதல்ல ரத்தம், சர்க்கரை, பிபி மூணும் பார்த்துட்டுப் போங்க. மாத்திரை சாப்பிடுறவங்க அன்னைக்கு நிறுத்தாதீங்க. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுறவங்க வெறும் வயித்தில் ஏறாதீங்க, முந்தானையில் ரெண்டு மிட்டாய் முடிஞ்சு வைச்சுக்கோங்க.

கடலோரக் குன்றுகளில் காத்தில் ஈரம் அதிகம். வேர்வை சீக்கிரம் காயாது, அதனால் உடம்புச் சூடு இறங்காது. தாகம் எடுக்கறதுக்கு முன்னாடியே கொஞ்சம் கொஞ்சமா குடிங்க. உப்பு போட்ட நீர்மோர் ரொம்ப நல்லது. தரை சூடானால் அங்கே இருக்கிற காத்து மேலே போயிடும், அந்த இடத்துக்குக் கடல் காத்து வரும். அது வெயில் ஏறின பிறகுதான் வரும். அதை நம்பி மத்தியானம் ஏறினால் கல் சூட்டில் வெறுங்கால் கொப்பளிச்சிடும். ஒன்பது மணிக்குள் ஏறி முடிச்சிடுங்க. மார்கழி, தை, மாசி நல்ல மாசம்.

ஏறும்போது பக்கத்து ஆளோடு பேச முடியணும். பேச முடியாம மூச்சு வாங்கினால் வேகம் அதிகம்னு அர்த்தம், நின்னுடுங்க. ஏறுறதைவிட இறங்குறதுதான் முட்டிக்குக் கஷ்டம். நேரா தடதடன்னு இறங்காம, கொஞ்சம் பக்கவாட்டில் காலை வைச்சு, கைப்பிடியைப் பிடிச்சு இறங்குங்க. சேலைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கோங்க. குரங்கு இருக்கிற இடத்தில் தின்பண்டத்தைக் கையில் வைச்சுக்காதீங்க. நெஞ்சு வலி, கை மரத்துப் போறது, கண் இருட்டறது எது வந்தாலும் வெக்கப்படாம உடனே சொல்லுங்க, 108-க்குக் கூப்பிடுங்க. நான் மறைச்ச மாதிரி மறைக்காதீங்க.

கடைசியா எங்க அம்மாவைப் பத்திச் சொல்லி முடிச்சுக்கிறேன். திருக்கழுக்குன்றம் போயிட்டு வந்து, அண்ணன் வீட்டில் இருக்கிற அம்மாவைப் பார்க்கப் போனேன். பிரசாதம் கொடுத்தேன். வாங்கிக் கண்ணில் ஒத்திக்கிட்டு, "மேலே என்னடி இருக்கு?"ன்னு கேட்டாங்க. எத்தனையோ வருஷமா எங்களை அந்த மலைக்குக் கூட்டிட்டுப் போனவங்க. ஒரு தடவைகூட மேலே என்ன இருக்குன்னு பார்த்ததில்லை. எனக்குப் பதில் சொல்ல வரலை. எல்லாத்தையும் ஒண்ணு விடாம சொன்னேன்.

அவங்களுக்கு இப்போ அறுபதுக்கு மேலே ஆச்சு, ரெண்டு முட்டியும் தேய்ஞ்சுடுச்சு. 565 படி இனி முடியாது. ஆனா பரங்கிமலைக்கு மேலே வரை ரோடு போகுது, ஆட்டோ போகும். போன மாசம் கூட்டிட்டுப் போனேன். கிழக்குப் பக்கச் சுவரைப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னாங்க. "இதைப் பார்க்கத்தான் எல்லாரும் ஏறுறீங்களா"ன்னாங்க. செருப்பு அவங்க காலிலேயே இருந்தது.

அடுத்த தை மாசம் எங்க குழு மறுபடியும் திருக்கழுக்குன்றம் போறோம். மத்தக் குழுவில் யார் வர்றதா இருந்தாலும் பொங்கலுக்கு முன்னாடி ஊக்குநர் அக்காகிட்ட பேர் கொடுங்க. பேர் கொடுக்கறதுக்கு முன்னாடி ரத்தம் பார்த்துட்டு வாங்க. என் பொண்ணும் வர்றா. செருப்புக்கு டோக்கன் காசு அவ கொடுப்பாளாம்.